நடுவர் தீர்ப்பும் ஆட்ட அறமும்

விளையாட்டைப் பற்றித் தமிழாசிரியன் எழுதப் புகுவதேன் என்று நம் கல்லூரியின் பழைய மாணவருட் சிலர் வினவக்கூடும். அதற்குரிய விடை ஒரு சொல்லில் அடங்கியுள்ளது. மைதானத்தில் விசிலோடு ஓடி ஆட்டத்தை நடத்துபவரை நாம் நடுவர் என்கிறோம். நடு என்பது இடத்தைக் குறிக்கும் சொல். இரு பக்கமும் சாராத மனநிலையைக் குறிப்பதும் அதுவே. பட்டிமன்றத்தில் வாதம் கேட்டுத் தீர்ப்புரைப்பவரும் நடுவர்; உதைபந்தாட்டத்தில் தவறு கண்டு ஆட்டத்தை நிறுத்துபவரும் நடுவர். ஆதலின் ஆட்டத்தின் அறத்தை ஆராய்தல் தமிழாசிரியனுக்குப் புறம்பான தொழிலன்று.

வள்ளுவர் நடுவு நிலைமையை எவ்விடத்தில் வைத்தார் என்பதும் நோக்கத்தக்கது. ஆள்வோனுக்குரிய செங்கோன்மை பொருட்பாலில் 55ஆம் அதிகாரமாக உள்ளது. நடுவு நிலைமையோ அறத்துப்பாலில், இல்லறவியலில், 12ஆம் அதிகாரமாக அமைந்துள்ளது. தீர்ப்புக் கூறும் பதவியில் இருப்பவனுக்கு மட்டுமன்றி, வீட்டிலும் வீதியிலும் வாழும் ஒவ்வொருவனுக்கும் உரிய கடமை அஃது என்பது இவ்வைப்பு முறையாற் பெறப்படும். இக்கருத்தை மனத்திற் கொண்டு, பன்னாட்டு உதைபந்தாட்டத்தில் நிகழும் ஒழுங்கீனங்களையும் அவற்றுக்கு விதிக்கப்படும் தண்டங்களையும் ஆராய்வோம். நம் முன் நிற்கும் வினாக்கள் இரண்டு. தண்டப்பணம் ஆட்ட அறத்தை வளர்க்குமா என்பது ஒன்று. நடுவரின் பிழையான தீர்ப்பினால் வெகுண்டு ஒருவன் ஒழுங்கு மீறினால், அவனைத் தண்டித்தல் நீதியாகுமா என்பது மற்றொன்று.

நடுவர் நடுவே வந்த வரலாறு

இக்கால உதைபந்தாட்டத்தின் விதிகள் 1863ஆம் ஆண்டில் இலண்டனில் வகுக்கப்பட்டன. அவ்விதிகளில் நடுவருக்கு இடமில்லை. கனவான்கள் வேண்டுமென்றே தவறிழைக்கமாட்டார்கள் என்பது அக்காலத்து நம்பிக்கை. பின்னர் ஒவ்வோர் அணியும் தத்தமக்கென ஒரு மத்தியஸ்தரைக் கொண்டுவந்தது. அவ்விருவரும் ஒத்துப்போகாத வேளையிற் கேட்பதற்கென மூன்றாம் ஒருவர் கோட்டுக்கு வெளியே நின்றார். 1891ஆம் ஆண்டிலேதான் அந்த மூன்றாமவர் மைதானத்தினுள் அழைக்கப்பட்டு முழு அதிகாரமும் பெற்றார். தண்ட உதை விதியும் அதே ஆண்டிற் பிறந்தது. ஆட்டக்காரர் தம்முள் தாமே நீதி செய்துகொள்வார் என்ற நம்பிக்கை தளர்ந்தபோது நடுவரும் தண்டமும் ஒருங்கே வந்தமை இதனால் விளங்கும்.

சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய பீபா 1904இற் பாரிசில் நிறுவப்பட்டது. நாடுகள் ஒன்றோடொன்று மோதத் தொடங்கியபோது புதியதோர் இடர் தோன்றிற்று. நடுவர் ஒரு மொழி பேசுவார். ஆட்டக்காரர் வேறு மொழிகள் பேசுவர். 1962இற் சாந்தியாகோ நகரில் சிலியும் இத்தாலியும் ஆடிய உலகக் கிண்ண ஆட்டம் கைகலப்பாக மாறியது. இத்தாலியர் இருவர் வெளியேற்றப்பட்டனர். அவருள் ஒருவரை மைதானத்திலிருந்து அகற்றப் பொலிசார் வரவேண்டியதாயிற்று. அவ்வாட்டத்தின் நடுவர் இங்கிலாந்தைச் சேர்ந்த கென் அஸ்ரன்.

நான்கு ஆண்டுகளின் பின், 1966 யூலை 23இல், இலண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தும் ஆர்ஜென்ரீனாவும் ஆடின. ஆர்ஜென்ரீன அணித்தலைவர் அந்தோனியோ ரற்றீனை ஜேர்மானிய நடுவர் வெளியேற்றினார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. தலைவரோ, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று சைகை காட்டிப் பல நிமிடங்கள் வெளியேற மறுத்து நின்றார். பின்னர் அவருக்கு நான்கு பன்னாட்டு ஆட்டங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. அந்நாட்டுச் சங்கத்துக்கு 1,000 சுவிஸ் பிராங்கு தண்டம் விதிக்கப்பட்டது.

அவ்வுலகக் கிண்ணத்தில் நடுவர்களுக்குப் பொறுப்பாயிருந்தவரும் அதே அஸ்ரனே. தெருவில் மோட்டார் வண்டி செலுத்திச் செல்கையிற் போக்குவரத்து விளக்கைக் கண்டு, மஞ்சளும் சிவப்பும் எம்மொழியாளர்க்கும் பொருள் விளங்கும் என எண்ணினார். அவ்வெண்ணமே 1970இல் மெக்சிக்கோ உலகக் கிண்ணத்தில் மஞ்சள் அட்டையாகவும் சிவப்பு அட்டையாகவும் உருப்பெற்றது. அத்தொடரில் ஒரு சிவப்பு அட்டையேனும் காட்டப்படவில்லை. உலகக் கிண்ணத்தில் முதற் சிவப்பு அட்டை 1974இற் சிலி நாட்டுக் காசெலிக்குக் காட்டப்பட்டது. தண்டனை கடுமையாயிருத்தலினும் தெளிவாயிருத்தல் முதன்மையானது என்பதை இவ்வரலாறு கற்பிக்கின்றது. தான் ஏன் தண்டிக்கப்படுகிறான் என்பதை அறியாதவன் திருந்துவது எங்ஙனம்?

தண்டப்பணத்தின் ஆற்றலும் எல்லையும்

இன்று ஆட்டக்காரன்மீது விதிக்கத்தக்க தண்டனைகள் பலவகைப்படும். எச்சரிக்கை, வெளியேற்றம், ஆட்டத்தடை, தண்டப்பணம் என்பன அவற்றுள் முக்கியமானவை. இவற்றின் பயனை மூன்று நிகழ்ச்சிகள் கொண்டு அளவிடலாம்.

2006 யூலை 9இற் பேர்லினில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில், பிரான்சு அணித்தலைவர் சிடான் இத்தாலியரான மற்றராசியின் மார்பில் தலையால் மோதினார். பின்னர்ச் சிடானுக்கு 7,500 சுவிஸ் பிராங்கும், அவரைச் சொல்லாற் சினமூட்டிய மற்றராசிக்கு 5,000 பிராங்கும் தண்டம் விதிக்கப்பட்டன. சினந்தவனை மட்டுமன்றிச் சினமூட்டியவனையும் தண்டித்தமை ஈண்டுக் கருதத்தக்கது. சிடானுக்கு மூன்று ஆட்டத் தடையும் விதிக்கப்பட்டது. அவரோ அவ்வாட்டத்துடன் ஓய்வு பெற்றுவிட்டார். ஆகவே தடைக்குப் பொருளில்லாமற் போயிற்று. அதற்கு ஈடாக மூன்று நாள் சிறுவர்களுக்காகப் பணிசெய்ய அவர் ஒப்புக்கொண்டார். பெருஞ் செல்வரான ஆட்டக்காரருக்கு 7,500 பிராங்கு ஒரு பொருட்டன்று. அம்மூன்று நாட்களே தண்டனையின் கருத்துக்கு நெருங்கியவை என்பது எம் துணிபு.

2014இல் உருகுவே வீரர் சுவாரெஸ் இத்தாலியரான கியெல்லினியைக் கடித்தபோது தண்டனை பன்மடங்கு உயர்ந்தது. ஒன்பது பன்னாட்டு ஆட்டங்கள், நான்கு மாதங்கள் உதைபந்தாட்டம் யாவற்றிலுமிருந்து விலக்கு, 100,000 சுவிஸ் பிராங்கு என்பன விதிக்கப்பட்டன. எனினும் அதே வீரர் 2010இற் செய்த செயலே ஆராய்ச்சிக்கு அரியது. தென்னாபிரிக்காவிற் கானாவுக்கு எதிரான காலிறுதியின் மேலதிக நேரத்துக் கடைசிக் கணத்தில், கோலினுட் செல்லவிருந்த பந்தைக் கையாற் தடுத்தார். விதிப்படி சிவப்பு அட்டை காட்டப்பட்டது. விதிப்படி கானாவுக்குத் தண்ட உதை கிடைத்தது. விதிப்படி அடுத்த ஆட்டத்தில் அவர் ஆட இயலவில்லை. கானா வீரர் அடித்த பந்தோ குறுக்குக் கம்பத்திற் பட்டு மேலே சென்றது. உருகுவே வென்றது. சட்டம் தனக்குரிய விலையை முழுமையாக வாங்கிக்கொண்டது. ஆயினும் கானாவுக்கு நியாயம் கிடைத்ததென்று எவர் சொல்வார்? தண்டனையை விலையாகக் கருதி, அவ்விலையைக் கொடுக்க ஆயத்தமாயிருப்பவனிடத்துத் தண்டம் தோற்றுவிடும்.

மூன்றாவது நிகழ்ச்சி நல்லொழுக்கத்துக்குப் புள்ளியிட்டு மதிப்பளிக்க முயன்றதைப் பற்றியது. 2018 உலகக் கிண்ணத்தில் யப்பானும் செனகலும் புள்ளிகளிலும் கோல்களிலும் தம்முள் ஆடிய ஆட்டத்திலும் சமமாயின. அட்டைகளை எண்ணிப் பார்த்தனர். யப்பான் நான்கு மஞ்சள் அட்டைகளும் செனகல் ஆறும் பெற்றிருந்தமையால் யப்பான் அடுத்த சுற்றுக்குச் சென்றது. ஒழுங்குக்குப் பரிசு கிடைத்தது என்று மகிழலாம். ஆனால் அவ்விறுதி நிமிடங்களில், போலந்திடம் ஒரு கோலால் தோற்றுக்கொண்டிருந்த யப்பான், மேலும் கோலோ அட்டையோ பெறாதிருத்தலே நலமென்று கருதித் தாக்காமற் பந்தைத் தம்முள் உருட்டிக் காலங் கழித்தது. பார்த்தவர்கள் கூச்சலிட்டனர். அறத்தை எண்ணிக்கையாக்கினால், எண்ணிக்கையைக் காப்பதே அறமென்று மயங்க நேரும்.

இம்மூன்றினாலும் பெறப்படுவது யாது? தண்டம் எல்லை காக்கும் வேலி. வேலி பயிரை வளர்க்காது. எனினும் வேலியே வேண்டாவென்று கூறுதலும் பேதைமை. இத்தாலிய வீரர் பவுலோ டி கனியோ 1998இல் இங்கிலாந்தில் நடுவரைத் தள்ளி வீழ்த்தினார். பதினோர் ஆட்டத் தடையும் 10,000 பவுண் தண்டமும் பெற்றார். அவரே 2000 டிசம்பரில், எவெட்டன் அணியின் கோல் காப்பாளர் காயமுற்று வீழ்ந்து கிடக்க, கோலடிக்க வாய்த்த பந்தைக் கையாற் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினார். அச்செயலுக்காகப் பீபாவின் 2001ஆம் ஆண்டு நல்லாட்ட விருது அவருக்கு வழங்கப்பட்டது. தண்டமே அவரைத் திருத்தியது என்று நாம் கூறத் துணியோம். ஒருமுறை தவறியவன் என்றும் தவறியவனே என்று முத்திரையிடுதல் ஆகாது என்பதற்கு மட்டும் அவர் சான்றாவார்.

தண்டனை குற்றமற்றவர்மீது விழுதலும் உண்டு. அதற்கு நம் நாடே உதாரணம். சங்க நிருவாகத்திற் புறத்தார் தலையீடு நிகழ்ந்ததென்று கூறிப் பீபா 2023 சனவரியில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஓகத்து மாதத்திலேதான் தடை நீங்கியது. இடையிற் பெங்களூரில் நடைபெற்ற தெற்காசியக் கிண்ணத்தில் இலங்கை அணி ஆடவில்லை. நிருவாகிகளின் பூசலுக்கு விலை கொடுத்தவர் மைதானத்தில் ஓடி வியர்வை சிந்திய இளைஞரே.

அஸ்கிரியவில் எழுந்த வழக்கு

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். இதற்குரிய தக்க வழக்கு நம் கண்டி நகரிலேயே நிகழ்ந்தது. உதைபந்தாட்டத்தில் அன்று, கிரிக்கெற்றில். ஆட்டம் வேறாயினும் அறம் ஒன்றே.

2001 மார்ச் மாதத்தில் அஸ்கிரிய மைதானத்தில் இலங்கைக்கும் இங்கிலாந்துக்கும் இடையே இரண்டாவது ரெஸ்ற் போட்டி நடைபெற்றது. அப்போட்டியிற் பிழையான தீர்ப்புகள் பல நேர்ந்தன. இரு அணியினரும் அவற்றாற் பாதிக்கப்பட்டனர். இலங்கையின் இரண்டாம் இனிங்சில் அணித்தலைவர் சனத் ஜயசூரிய அடித்த பந்தை இங்கிலாந்தின் தோர்ப் பாய்ந்து பிடித்தார். பந்து மட்டையிற் பட்டபின் நிலத்தில் மோதி எழுந்ததை ஒளிப்பதிவு காட்டிற்று. ஆயினும் தலைவர் ஆட்டமிழந்ததாகத் தீர்ப்பாயிற்று. ஜயசூரிய வெளியேறும்போது வெகுண்டு தலைக்கவசத்தை வீசினார். போட்டி மத்தியஸ்தர் அனுமந்த் சிங் அவருக்குப் போட்டி ஊதியத்தில் நூற்றுக்கு 60 வீதம் தண்டமும், ஒத்திவைக்கப்பட்ட தடையும் விதித்தார். இங்கிலாந்து மூன்று விக்கெற்றுகளால் வென்றது.

பிழை செய்தவர் நடுவர். தண்டம் செலுத்தியவர் பிழையால் தாழ்வுற்றவர். இது நீதியா? உணர்ச்சி 'அன்று' என உடனே விடை கூறும். அறிவு சற்றுத் தாமதித்து இரண்டு கணக்குகளைப் பிரித்துக் காட்டும். பந்து நிலத்திற் பட்டதா என்பது ஒரு கணக்கு. அதில் ஜயசூரிய கடன் கொடுத்தவர். ஆயிரக்கணக்கானோர் முன், சிறுவர் பலர் நோக்கியிருக்க, அணித்தலைவன் ஒருவன் எவ்வாறு நடந்துகொண்டான் என்பது வேறு கணக்கு; அதில் அவர் கடன்பட்டவர். ஒரு கணக்கின் வரவை மற்றதன் செலவிற் கழிக்க இடங்கொடுத்தால், தாழ்வுற்றதாகக் கருதும் ஒவ்வொருவனும் தன் தண்டனையைத் தானே தள்ளுபடி செய்துகொள்வான். அன்று ஆட்டமே நடவாது. தண்டத்தை ஊதியத்தின் வீதமாக விதித்தமையும் பாராட்டத்தக்கது; அது செல்வனுக்கும் புதியவனுக்கும் ஏறத்தாழ ஒரே பாரமாக அமைகின்றது.

ஆதலின் தண்டம் நீதியே என்பேன். ஆனால் பாதி நீதி. முதற் கணக்கைத் தீர்ப்பார் அன்று எவருமிலர்.

கண்டி மைந்தனின் பொறுமை

பாதி நீதி எவ்வாறு முழுமையாகும் என்பதைக் காட்டியவரும் நம் நகரத்தவரே. 1972இற் கண்டியிற் பிறந்து, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியிற் கற்ற முத்தையா முரளிதரன், 1995 டிசம்பர் 26இல் மெல்பேணில் பந்தை எறிகிறார் என்று நடுவரால் ஏழு முறை குற்றஞ் சாட்டப்பட்டார். 1999 சனவரியில் அடிலெயிட்டில் அக்குற்றச்சாட்டு மீண்டும் எழுந்தபோது, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் வீரரை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று ஆட்டத்தை நிறுத்தினார். அவருக்கு ஊதியத்தில் நூற்றுக்கு 75 வீதம் தண்டமும், ஒத்திவைக்கப்பட்ட ஆறு போட்டித் தடையும் கிடைத்தன. தன் அணியினனைக் காக்கத் தலைவன் முன்வந்தமையை நாம் இகழோம். அதற்குரிய விலையை அவர் செலுத்தியதையும் மறவோம்.

முரளிதரன் தெரிந்த வழி வேறு. அவர் தம் கையை அறிவியற் சோதனைக்கு ஒப்புக்கொடுத்தார். மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் பிறவிடங்களிலும் அளவெடுத்துப் பார்த்தனர். அவர் முழங்கை பிறவியிலேயே முற்றாக நீளாதது என்று கண்டனர். பின்னர்ச் சர்வதேச கிரிக்கெற் சபை மற்றைப் பந்துவீச்சாளரையும் ஆராய்ந்தபோது, பெரும்பாலாரின் கையும் பந்து வீசுகையில் ஓரளவு நீளுவது தெரிந்தது. 2005இல் எல்லோர்க்கும் 15 பாகை என ஒரே அளவு விதிக்கப்பட்டது. ஒருவர்மீது சாட்டிய குற்றம் எல்லோரையும் அளக்கும் கோலாக முடிந்தது. 2007 டிசம்பர் 3இல் அதே அஸ்கிரிய மைதானத்தில் 709ஆவது விக்கெற்றை வீழ்த்தி உலகச் சாதனை படைத்த முரளிதரன், 2010இற் காலியில் 800 விக்கெற்றுகளோடு ரெஸ்ற் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். பொறுமை என்பது வாய்மூடி இருத்தலன்று. தக்க இடத்தில், தக்க சான்றோடு, தன் வழக்கை எடுத்துரைத்துக் காத்திருத்தல் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுமோ?

கீழ்ப்படிதலுக்கு ஈடு

ஆளுஞ் சபைகளுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. தீர்ப்புக்குப் பணிக என்று கட்டளையிடுவோர், பிழை நேர்ந்தவிடத்து அதைத் திருத்தும் வாயிலையும் திறந்துவைத்தல் வேண்டும். 2010 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்து வீரர் லம்பாட் ஜேர்மனிக்கு எதிராக அடித்த பந்து கோட்டைக் கடந்தும் கோலென ஏற்கப்படவில்லை. 2014 உலகக் கிண்ணத்திற் பந்து கோட்டைக் கடந்ததா என்பதை அறிவிக்கும் கருவி வந்தது. 2018இற் காணொளி உதவி நடுவர் வந்தனர். கிரிக்கெற்றிலே நடுவர் தீர்ப்பை மீளாய்வு செய்யும் முறை 2008இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான தொடரில் முதன்முதலாக நம் நாட்டிலேயே பரீட்சிக்கப்பட்டது. தலைக்கவசத்தை வீசிய கைகள் இன்று ஒன்றன்மேல் ஒன்றைக் குறுக்கே வைத்து மீளாய்வு கோருகின்றன. சினம் விண்ணப்பமாயிற்று. 2024 ஐரோப்பியக் கிண்ணத்தில், தீர்ப்பின் காரணத்தை நடுவரிடம் கேட்க அணித்தலைவருக்கு மட்டும் உரிமை. ஏனையோர் சூழ்ந்து நின்றால் மஞ்சள் அட்டை என வகுத்தனர். குரலை அடக்காமல், அக்குரலுக்கு ஓர் ஒழுங்கு செய்தமை போற்றத்தக்கது.

குறை கூற வழியில்லாதவிடத்துப் பணிவை மட்டும் கேட்பது அதிகாரம். வழி திறந்துவைத்துப் பணிவைக் கேட்பது அறம். இவ்வுண்மை மைதானத்தின் நான்கு கோடுகளுக்குள் அடங்குவதன்று. வகுப்பறைக்கும், தொழிற்சாலைக்கும், தோட்டத்துக்கும், நாட்டுக்கும் இஃது ஒக்கும்.

மாணவர்க்கும் ஆசிரியர்க்கும்

நம் கல்லூரி மைதானத்திலே காணொளி நடுவர் இல்லை; தண்டப்பணமும் இல்லை. ஆகவே இங்கே ஆட்ட அறம் மனிதரையே முற்றும் நம்பியிருக்கின்றது. மாணவர் மூன்று செய்திகளை நினைவிற் கொள்க. விசில் ஒலித்தபின் வாதாடற்க. குறையுண்டெனின் அணித்தலைவன் ஒருவனே பணிவோடு கேட்க. எதிரணியினன் வீழ்ந்தால் கோலை மறந்து கை கொடுக்க. தன் கையிற் பந்து பட்டதை நடுவர் காணாவிடினும் தானே கூறுக. அவ்வேளையில் அவனே நடுவன்.

ஆசிரியராகிய எமக்கும் பாடம் உண்டு. இல்லப் போட்டியில் ஒரு மாணவனை வெளியேற்றினால், ஆட்டம் முடிந்தபின் அவனை அருகழைத்துக் காரணம் கூறுதல் வேண்டும். எம் தீர்ப்புப் பிழையெனப் பின்னர்த் தெளிந்தால், எல்லோரும் கேட்க அதைச் சொல்லுதல் வேண்டும். அதனால் எம் மதிப்புக் குறையாது. மாணவன் நீதியின்மீது கொண்ட நம்பிக்கை வளரும்.

பழைய மாணவர்களே, நீவிர் வென்ற கிண்ணங்கள் அலுமாரியில் உள்ளன. இவ்விழா ஆண்டில் உம் பிள்ளைகளுக்கும் இம்மைதானத்தில் இன்று ஆடுவோர்க்கும் அவ்வெற்றிகளை எடுத்துச் சொல்லுங்கள். தோற்ற ஆட்டங்களையும், அன்று எதிரணித் தலைவனுக்குக் கை கொடுத்து வந்த கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் கல்லூரி பல்லாண்டு வாழ்க. அதன் மைதானத்தில் நடுவு நிலைமை தழைக்க.